அயனாவரத்து முள் மீட்டர் பாய்

நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து, உடனே முதுகில் ஒரு தள்ளு தள்ளினால் எப்படி இருக்கும்? என் பைக் ஆறு மாதமாக அப்படித்தான் செய்தது. மொத்தம் அரை நொடிகூட இருக்காது. அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். டாஷ்போர்டில் விளக்கு எரியாது, எஞ்சின் நிற்காது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு சார்" என்பார்.

நான் மெடிக்கல் ரெப். வீடு பெரம்பூர். அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் என்று சி.டி.எச். ரோட்டிலேயே (சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை) போய்த் திருவள்ளூர் வரைக்கும் என் ஏரியா. வண்டி 2011-ல் எடுத்தது, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் (எஃப்.ஐ., பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து பீய்ச்சுகிற வகை), இப்போது 96,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. இத்தனை வருடம் வெயிலிலும் மழையிலும் என்னைச் சுமந்த வண்டியின் ஒரு சென்சார் தேய்ந்துபோனதற்குக் கம்பெனியைத் திட்ட எனக்கு மனமில்லை. இது வண்டியைப் பற்றிய விமர்சனமும் இல்லை. கோளாறைக் கண்டுபிடித்த கடையைப் பற்றியது.

அந்தக் கடைக்குப் போவதற்கு முன்னால் நான் செலவு செய்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு இடத்தில் ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள், 180 ரூபாய். ஏர் ஃபில்டர் 320. இன்னொரு இடத்தில் பெட்ரோல் பம்பைக் கழற்றி ஃபில்டரைச் சுத்தம் செய்தார்கள், 650. மூன்றாவது இடத்தில் ஸ்கேனரைச் செருகி, "எரர் எதுவும் இல்லை, எதற்கும் ஈசியு ரீசெட் பண்ணிடறேன்" என்று 500 வாங்கினார்கள். (ஈசியு என்பது எஞ்சினை நடத்துகிற அந்தக் கம்ப்யூட்டர்.) நான்காவதாகப் போன சர்வீஸ் சென்டரில் டை கட்டிய பையன் ஒருவன், த்ராட்டில் பாடியை (எஞ்சினுக்குப் போகிற காற்றைக் கூட்டிக் குறைக்கிற பாகம்) முழுதாக மாற்றவேண்டும், சென்சார் தனியாக வராது, 9,400 ரூபாய் ஆகும் என்றான். மாற்றினால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். "மாற்றிப் பார்க்கலாம் சார்" என்றான். அந்தப் 'பார்க்கலாம்' எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு டாக்டர் நோயாளியிடம், கிட்னியை மாற்றிப் பார்க்கலாம் என்று சொல்வாரா? கிளம்பி வந்துவிட்டேன். இத்தனைக்கும் அந்தப் பையன் சொன்னதில் பாதி சரி என்று பிறகு தெரிந்தது.

அயனாவரம் கடையை எனக்குச் சொன்னவர் ஒரு மருந்துக் கடைக்காரர். "எஃப்.ஐ. வண்டின்னா அந்தப் பாய்கிட்ட போங்க. ஆனா பொறுமை வேணும்" என்றார். இரண்டுமே உண்மை.

கடைக்குப் பலகை கிடையாது. கொன்னூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், தையல் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில், இரண்டு வண்டி நிற்கிற அகலத்தில் ஒரு ஷட்டர். உட்கார ஸ்டூல்கூட இல்லை, புரட்டிப் போட்ட பெயின்ட் டப்பாதான். பாய்க்கு அறுபது வயது இருக்கும். கூட ஒரு பையன். நான் போன நேரத்தில் பாய் ஒரு ஸ்கூட்டரின் கார்புரேட்டரைப் பிரித்து, டிபன் பாக்ஸ் மூடியில் பாகங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலேயே பேசினார்.

"எந்த ஸ்பீடுல வெட்டுது?"

நாற்பது, நாற்பத்திரண்டு என்றேன்.

"சூடானப்புறமா, காலையில எடுத்தவுடனேவா?"

இரண்டிலும்தான்.

"மழையில?"

மழையில் கொஞ்சம் அதிகம் என்றேன். யோசித்துப் பார்த்தபோதுதான் எனக்கே அது உறைத்தது. அதற்கு முன்னால் யாரும் கேட்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

"வாட்டர் சர்வீஸ் எங்க விடற?"

மாதத்துக்கு ஒரு தடவை, ஆவடி பக்கம், ஏர் பிரஷரில் அடிக்கிற இடம் என்றேன். இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார், பார்வையில் கொஞ்சம் கோபம் இருந்தது. பிரஷர் தண்ணியைச் சீட்டுக்கு அடியில் அடித்தால் கப்ளருக்குள், அதாவது ஒயர்களை இணைக்கிற செருகிக்குள், போய் உட்கார்ந்துவிடும், உள்ளே இருக்கிற பின் ஊசியில் பச்சை பூக்கும் என்றார். வாளித் தண்ணியும் துணியும் போதுமாம்.

அதன் பிறகு அவர் செய்ததற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஸ்பேனரைத் தொடவில்லை. பையனைத் தையல் கடைக்கு அனுப்பி, துணியில் கோடு போடுகிற சாக்கட்டி ஒரு துண்டு வாங்கிவரச் சொன்னார். ஆக்சிலேட்டர் கைப்பிடியில் ஒரு கோடு, அதற்கு நேராகப் பக்கத்து சுவிட்ச் டப்பாவில் ஒரு கோடு. "நீ ஓட்டு தம்பி, நான் பின்னாடி உக்கார்றேன். மெதுவா திருகிட்டே போ. வெட்டுறப்ப கோடு எங்க நிக்குதுன்னு மட்டும் பாரு."

இரண்டாவது கியரில் இருபத்துநாலு கிலோமீட்டரில் வெட்டியது. மூன்றாவதில் முப்பத்துமூன்று, நான்காவதில் நாற்பத்திரண்டு. வேகம் ஒவ்வொன்றிலும் வேறு. ஆனால் கைப்பிடியின் கோடு மூன்று தடவையும் மற்ற கோட்டிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி, அதே இடத்தில்தான் இருந்தது. பின் சீட்டிலிருந்து பாய் சொன்னார்: "ஸ்பீடு மாறுது, கை மாறல. அப்ப பெட்ரோலும் இல்ல, பிளக்கும் இல்ல."

ஆறு மாதமாக நான் எல்லாரிடமும் "நாற்பதில் வெட்டுது" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். நகரத்தில் நான் எப்போதும் நான்காவது கியரில் அதே வேகத்தில் போவதால் அப்படித் தோன்றியிருக்கிறது. பெட்ரோல் வரத்து குறைந்தால் வேகம் ஏற ஏறத் திணறவேண்டும், பிளக் போனால் லோடு விழும்போது மிஸ்ஸிங் அடிக்கவேண்டும். கைப்பிடியின் ஒரே ஒரு இடத்தில் மட்டும் வெட்டினால், கைப்பிடி எங்கே இருக்கிறது என்று எஞ்சினுக்குச் சொல்கிற ஆளைத்தான் முதலில் விசாரிக்கவேண்டும். த்ராட்டில் பொசிஷன் சென்சார், கடைக்காரர்கள் மொழியில் டிபிஎஸ். அரை மணி நேரத்தில், ஒரு ரூபாய் சாக்கட்டியில், சந்தேக வட்டம் அவ்வளவு சுருங்கிவிட்டது.

தெரியாதவர்களுக்காக அந்தச் சென்சாரைப் பற்றிக் கொஞ்சம். த்ராட்டில் பாடியின் பக்கவாட்டில் தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒன்று ஒட்டியிருக்கும். மூன்று ஒயர். ஒன்றில் ஈசியு 5 வோல்ட் கொடுக்கும், ஒன்று எர்த், மூன்றாவது பதில் வருகிற ஒயர். உள்ளே கார்பன் பூசிய ஒரு பட்டை, அதன்மேல் தேய்த்துக்கொண்டு நகர்கிற ஒரு சின்னக் கை. ஆக்சிலேட்டர் மூடியிருந்தால் பதில் ஒயரில் அரை வோல்ட்டுக்குச் சற்று மேலே இருக்கும், முழுக்கத் திருகினால் நான்கைத் தாண்டும், நடுவில் படிப்படியாக ஏறவேண்டும். (வண்டிக்கு வண்டி இந்த எண் கொஞ்சம் மாறும்.) பாய் சொன்ன உதாரணம் இன்னும் எளிது: "பழைய ரேடியோவுல வால்யூம் திருகுறப்ப ஒரு இடத்துல மட்டும் கரகரன்னு வருமே, அதேதான் இது."

அந்தக் கை எங்கே அதிக நேரம் நிற்கிறதோ, பட்டை அங்கேதான் தேயும். நான் தினமும் கைப்பிடியை ஒரு விரல் அகலம் திருகி வைத்தபடியே ஓட்டுகிறேன். அங்கேதான் தேய்ந்திருக்கிறது. கை அந்த இடத்துக்கு வரும்போது ஒரு கணம் தொடர்பு விடுகிறது. ஈசியு, ஆக்சிலேட்டரை விட்டுவிட்டான்போல என்று நினைத்து பெட்ரோலைக் குறைக்கிறது. அடுத்த கணமே தொடர்பு திரும்புகிறது, இப்போது திடீரென்று முறுக்கிவிட்டான் என்று நினைத்துக் கூடுதலாக ஊற்றுகிறது. முதலில் இழுப்பு, பிறகு தள்ளு. மைலேஜ் நாற்பத்திரண்டிலிருந்து முப்பத்துநாலுக்கு இறங்கியதும் இதனால்தான். விளக்கு எரியாததற்கும் காரணம் இருக்கிறது. வோல்டேஜ் எல்லையை விட்டுக் கொஞ்ச நேரமாவது விலகி நின்றால்தான் ஈசியு அதைக் கோளாறாகப் பதிவு செய்யும். கண் சிமிட்டும் நேரத்தில் போய்விட்டு வருவதை அது கணக்கில் எடுக்காது. ஸ்கேனரில் எரர் இல்லை என்றால் கோளாறே இல்லை என்று அர்த்தமில்லை.

சந்தேகம் வந்துவிட்டதே என்று பாய் உடனே சென்சாரைக் கழற்றவில்லை. முதலில் ஆக்சிலேட்டர் கேபிளில் தொய்வு அதிகமா என்று பார்த்தார். பேட்டரி 12.6. ஸ்டார்ட் செய்து பார்த்தால் 14. சார்ஜிங் சரி. த்ராட்டில் பாடிக்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பரைச் சுற்றி கார்ப் கிளீனரைப் பீய்ச்சி, ஐடிலிங் சத்தம் மாறுகிறதா என்று காது வைத்துக் கேட்டார். மாறினால் காற்று கசிகிறது என்று அர்த்தம். மாறவில்லை.

அடுத்தது கப்ளர். ஒயரைக் குத்தி ஓட்டை போடாமல், கப்ளரின் பின்பக்கம் ரப்பர் சீலுக்குப் பக்கத்தில் குண்டூசியை நுழைத்துப் பின்னைத் தொட்டார். சாவி ஆன், எஞ்சின் ஆஃப். 5 வோல்ட் வருகிறது, எர்த் சுத்தமாக இருக்கிறது. கப்ளரையும் ஒயர் கட்டையும் ஆட்டிப் பார்த்தார், மீட்டர் அசையவில்லை. ஒயரிங் தப்பித்தது.

பதில் ஒயரில் என்னுடைய டிஜிட்டல் மீட்டரை வைத்துப் பார்க்கச் சொன்னேன், பையில் கொண்டுபோயிருந்தேன். மெதுவாகத் திருகினார். 0.62, 0.9, 1.2, 1.6, இப்படியே 4.2 வரைக்கும் அழகாக ஏறியது. நான் அவரைப் பார்த்தேன். அவர் உள்ளே போய் ஒரு பழைய முள் மீட்டரை எடுத்துவந்தார். கண்ணாடி விரிசல் விட்டு, செல்லோடேப் ஒட்டியது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிட்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறதாம். அதே ஒயர், அதே குண்டூசி, அதே வேகத்தில் திருகினார். ஒன்றேகால் வோல்ட் பக்கம் வந்தபோது முள் சடாரென்று பூஜ்யத்தை நோக்கிக் கவிழ்ந்து, துடித்து, மேலே வந்தது. மறுபடி திருகினார். மறுபடி அதே இடத்தில். சாக்கட்டிக் கோட்டைப் பார்த்தேன், ஒரு விரல் அகலம்.

என் மீட்டரில் தப்பு இல்லை. டிஜிட்டல் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றிக் காட்டும். அந்த இடைவெளிக்குள் நடந்து முடிந்துவிட்டால் அதற்குத் தெரியாது. முள்ளுக்கு அப்படி இடைவெளி கிடையாது, ஒயரில் நடப்பதோடு கூடவே அசையும். 1,800 ரூபாய் மீட்டர் வைத்துக்கொண்டு பெருமையாகத் திரிந்த ஆள் நான்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். மூன்றாவது மாதத்தில் வீடியோ பார்த்துவிட்டு, துரு நீக்குகிற ஸ்ப்ரேயை அந்தச் சென்சாரின் இடுக்கில் நானே அடித்திருந்தேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது, அப்புறம் பழையபடி. பாயிடம் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். தேய்ந்த கார்பன் ஸ்ப்ரேயில் திரும்ப வளராது என்றார். அதேபோல, ஆன்லைனில் 480 ரூபாய்க்கு ஒரு சென்சார் வாங்கி வைத்திருந்தேன், அதையும் நீட்டினேன். மறுக்காமல் மாட்டிப் பார்த்தார். முள் வழவழப்பாக ஏறியது, ஆனால் ஆக்சிலேட்டர் முழுதாக மூடியிருக்கும்போதே 1.1 வோல்ட். ஸ்குரூ ஓட்டை நீளவாக்கில் இருந்தால் கொஞ்சம் திருப்பிச் சரிசெய்யலாம். இதில் வட்ட ஓட்டை, திருப்ப வழியில்லை. இதைப் போட்டால் ஆக்சிலேட்டர் மூடியிருப்பதே வண்டிக்குத் தெரியாது, சிக்னலில் நிற்கும்போது தானாக ரேஸ் ஆகும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆகமொத்தம் என் வெட்டிச் செலவு 2,130 ரூபாய். சர்வீஸ் சென்டர் பையன் சொன்னபடி, என் வண்டிக்கு சென்சார் தனியாகக் கம்பெனியில் வராது என்பது உண்மைதான். புது த்ராட்டில் பாடிக்கு 9,400 கொடுக்க மனம் வரவில்லை. "புதுப்பேட்டைக்குப் போலாமா?" என்றார் பாய். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து போனோம்.

புதுப்பேட்டையைச் சென்னைக்காரர்களுக்கு விளக்கவேண்டாம். வெளியூர்க்காரர்களுக்கு: எழும்பூர் பக்கம், உடைத்த வண்டிகளின் பாகங்கள் தெருவெல்லாம் தொங்குகிற இடம். என் வண்டியின் த்ராட்டில் பாடி ஒரு கடையில் மூன்று இருந்தது. பாய் முள் மீட்டரை ஓம்ஸுக்கு (மின்தடை அளக்கிற இடத்துக்கு)த் திருப்பி, கடை வாசலிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். முதலாவதில் முள் இரண்டு இடத்தில் எகிறியது. இரண்டாவதில் சென்சார் பரவாயில்லை, ஆனால் த்ராட்டில் தகடு எவ்வளவு மூடவேண்டும் என்று கம்பெனி வைத்துப் பெயின்ட் அடித்து அனுப்புகிற சின்ன ஸ்குரூவில் பெயின்ட் உடைந்திருந்தது. "யாரோ கை வெச்சிருக்கான்" என்று தள்ளிவைத்தார். கடைக்காரர் பொறுமை இழந்து, "பாய், பொண்ணு பாக்க வந்தீங்களா, பார்ட்ஸ் வாங்க வந்தீங்களா?" என்றார். மூன்றாவதில் முள் எண்ணெயில் வழுக்குவதுபோல ஒரே ஓட்டமாகப் போய்த் திரும்பியது, பெயின்ட்டும் உடையவில்லை. 2,800-ல் ஆரம்பித்து 2,200-க்கு முடிந்தது.

பழைய சென்சாருக்குப் பதில் இன்னொரு பழைய சென்சார் வாங்குவது புத்திசாலித்தனமா என்று கேட்கலாம். நானும் கேட்டேன். இதுவும் ஒருநாள் தேயும், எப்போது என்று சொல்லமுடியாது என்றுதான் பாயும் சொன்னார். அதைச் சொல்லிவிட்டுத்தான் வாங்கவைத்தார்.

மாட்டும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். சென்சாரை த்ராட்டில் பாடியிலிருந்து பிரிக்கவே இல்லை. இரண்டும் கம்பெனியில் ஒன்றுக்கொன்று பொருத்தி வந்தவை, அப்படியே முழுதாக ஏற்றினார். என் பழைய இன்ஜெக்டரைக் கழற்றிப் புது ஓ-ரிங் போட்டு இதில் மாட்டினார். கப்ளர் பின்களைச் சுத்தம் செய்தார். கடைசியில் மறுபடி குண்டூசி, முள் மீட்டர்: மூடியிருக்கும்போது 0.6, முழுக்கத் திருகினால் 4.2, நடுவில் ஒரு துடிப்பும் இல்லை. ஐடிலிங் பார்த்தார். பிறகு மறுபடி என் பின்னால் ஏறிக்கொண்டு, "அதே ரோட்ல போ" என்றார். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. கோடு அந்த ஒரு விரல் இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

கண்டுபிடித்ததற்கு 300, த்ராட்டில் பாடி 2,200, ஓ-ரிங்கும் கிளீனரும் 150, மாட்டுக்கூலி 700. மொத்தம் 3,350. கண்டுபிடித்ததற்குத் தனியாகக் காசா என்று முதலில் முகம் சுளித்தேன். கோளாறு எனக்குப் புரிந்தது அந்த 300 ரூபாயில்தான். மற்ற இடங்களில் பாகத்தை மாற்றினார்கள், பாகத்துக்குக் காசு வாங்கினார்கள், கோளாறு என்னோடேயே வீட்டுக்கு வந்தது.

இந்தச் சென்சார் ஒன்றும் புதுச் சரக்கில்லை. 2006-ல் ஹீரோ ஹோண்டாவின் கிளாமர் எஃப்.ஐ. வந்த காலத்திலிருந்து நம் ரோட்டில் இருக்கிறது. கார்புரேட்டர் வண்டிகள் சிலவற்றிலும் தீப்பொறியின் நேரத்தை மாற்றுவதற்காக இதை வைத்திருந்தார்கள். ஆனால் அப்போதெல்லாம் எஃப்.ஐ. என்றாலே தெரு மெக்கானிக்குகள் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள். 2007-ல் இன்ஜெக்‌ஷனோடு வந்த பல்சர் 220-கூட 2009-ல் கார்புரேட்டருக்கே திரும்பிப் போனது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகை விதி வந்த பிறகுதான் வேறு வழியில்லாமல் எல்லாரும் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள். பாய் எப்போது கற்றுக்கொண்டார் என்று கேட்டேன். "ரேடியோ ரிப்பேர்ல இருந்தேன் தம்பி முன்னாடி" என்றார். அந்த முள் மீட்டர் எங்கிருந்து வந்தது என்பதும் அப்போது புரிந்தது.

குறைகளையும் சொல்லவேண்டும். செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்றவர் சனிக்கிழமைதான் தந்தார். நடுவில் ஐந்து நாள் நான் பேருந்திலும் ஷேர் ஆட்டோவிலும் டாக்டர்களைப் பார்க்கப் போனேன். போனை எடுக்கவே மாட்டார், பையன் எடுத்தால் "பாய் தொழுகைக்குப் போயிருக்காரு" என்பான், மணி பதினொன்றாக இருந்தாலும். பில் கேட்டால் நாள்காட்டித் தாளின் பின்னால் எழுதித் தருவார். இடது சைடு பேனலில் ஒரு கீறல் விழுந்திருந்தது. கேட்டேன். "முன்னாடியே இருந்துச்சு" என்றார். இல்லை, எனக்குத் தெரியும். அவசரக்காரர்களுக்கும், ஆபீசில் பில் கொடுத்துக் காசு வாங்குகிறவர்களுக்கும் இந்தக் கடை ஒத்துவராது.

மாட்டி நான்கு மாதம் ஆகிறது, 3,800 கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன். ஒரு தடவைகூட வெட்டவில்லை. மைலேஜ் நாற்பத்தொன்று. ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த ஒன்று கீறலுக்குப் போனது.

போகிறவர்கள் காலை பத்தரைக்கு முன்னால் போகவேண்டாம், ஷட்டர் திறந்திருக்காது. போவதற்கு முன்னால் வண்டி எந்த கியரில், எவ்வளவு திருகியிருக்கும்போது, வெயிலிலா மழையிலா தகராறு செய்கிறது என்று கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். தெரியாது என்று சொன்னால், கவனித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார். நான் நின்றிருந்தபோதே இரண்டு பேரை அனுப்பினார்.